பெட்டி வைக்கணுமா, வேண்டாமா: சைலன்சர் மாற்ற அரியாங்குப்பம் போய்வந்த நாள்

2009 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, என் மகன் அருளின் வண்டிக்கு வேறு சைலன்சர் மாட்டுவதற்காக விழுப்புரத்திலிருந்து அரியாங்குப்பம் போய் வந்தோம். இதே வேலைக்காகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அருள் சொல்கிறான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நோட்டில் எழுதிக் கொடுத்தேன், மருமகள் செல்வி கம்ப்யூட்டரில் அடித்தாள். மணியும் கிலோமீட்டரும் நான் சொன்னவை. அவற்றில் தப்பு இருக்காது.

வண்டி 220 சிசி. கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்‌ஷன். எவ்வளவு பெட்ரோல் விடவேண்டும் என்பதைச் சீட்டுக்கு அடியில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அருள் இதைப் பழைய வண்டியாக வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. முன்பு வைத்திருந்தவர் கடலோரத்துக்காரர். உப்புக் காற்றில் சைலன்சரின் அடிப்பாகம் அரித்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. கம்பெனி சைலன்சர் 9,800 ரூபாய், வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

அருளின் தொழில், ஊர் ஊராகப் போய் போர் மோட்டார் பழுது பார்ப்பது. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓட்டுவான். ஆறு வாரம் வண்டி நின்றால் அவனுடைய ஊர்களையெல்லாம் வேறு ஆள் பிடித்துக்கொள்வான். வெளிச் சைலன்சர் மாட்டி எஞ்சின் வெந்துபோனாலும் அதே கதிதான். இன்னொரு வண்டி வாங்க வழியில்லை. அதனால் எங்களுக்கு இது ஆசைக்கு மாட்டுகிற சமாச்சாரம் இல்லை.

நான் எதற்குக் கூடப் போனேன் என்றால், மாட்டப் போகிறவன் என் தம்பி அந்துவான். அரியாங்குப்பத்தில் கடலூர் ரோட்டை ஒட்டி அவனுக்கு வண்டிப் பட்டறை. சைலன்சர் மாட்டுவதில் பெயர் எடுத்தவன். அவனுக்கும் எனக்கும் பேச்சு உண்டு, நல்லது கெட்டதுக்குப் போய் வருவோம். ஆனால் அவன் கையில் ஸ்பேனர் இருக்கும்போது மட்டும் நான் அவனோடு பேசமாட்டேன். நாற்பத்தேழு வருஷமாக அப்படித்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா முதலியார்பேட்டையில் மில் வேலை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்த சிப்பாய் ஒருவர், சொல்தா என்போம், ஊரைவிட்டுப் போகும்போது தன் மொபெட்டை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் தெருவில் எஞ்சின் வைத்த வண்டி அது ஒன்றுதான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, அந்துவானுக்குப் பதினேழு. சத்தம் கம்பீரமாக வரவேண்டும் என்று சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்கி எறிந்தான். பதினோராம் நாள் மில்லுக்குப் போகிற வழியில் பிஸ்டன் பிடித்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அப்பா நடந்துதான் போனார். போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று கிலோமீட்டர், ஒரு வருஷமும் எட்டு மாதமும். மழையில் அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தில் போனது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

காலை 6.10க்கு விழுப்புரம் வீட்டை விட்டோம். வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர் வழி. ஓட்டைச் சைலன்சரோடு போனதால் ஐம்பதுக்கு மேல் விரட்டவில்லை. வில்லியனூர் ரயில்வே கேட்டில் ஒன்பது நிமிஷம் நின்றோம். டவுனுக்குள் நுழையாமல் இருக்க முடியாது, சனிக்கிழமையில் ஏழரைக்கு மேல் போனால் மாட்டிக்கொள்வீர்கள். முதலியார்பேட்டை தாண்டிப் பாலத்தைக் கடந்து பட்டறைக்குப் போனபோது மணி 7.35. மொத்தம் 43 கிலோமீட்டர்.

அந்துவான் அப்போதுதான் கடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். "வா அக்கா, ஒக்காரு. வாய்யா மருமவனே" என்றான். கையில் ஸ்பேனர் இல்லாததால் "ஒடம்பு எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். "ஓடிக்கிட்டிருக்குது" என்றான். பிறகு ஸ்பேனரை எடுத்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

புதுச் சைலன்சரை முன்னாலேயே வாங்கி வைத்திருந்தான். 3,400 ரூபாய். அதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தபோது கையில் வாங்கிப் பார்த்தேன். வாய்க்குள்ளே சுற்றிலும் துளை போட்ட ஒரு குழாய், என் கட்டைவிரல் மட்டும் நுழைகிற அளவு. "அருளு, ஒங்க மாமன்கிட்ட சொல்லு. உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டும்" என்றேன். அருள் திரும்பி, "மாமா, அம்மா இன்னா சொல்லுதுன்னா" என்று ஆரம்பித்தான். "எனக்கும் காது இருக்குதுடா. ஒங்கம்மா ரெண்டடி தள்ளித்தான் ஒக்காந்திருக்குது" என்றான் அந்துவான்.

8.15க்கு நான் பக்கத்துக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். அதற்குள் மாட்டி முடித்திருந்தான். கூலி வாங்கவில்லை. தாய்மாமன் மருமகனிடம் கூலி வாங்கினால் ஊர் சிரிக்கும் என்றான்.

வண்டியைக் கிளப்பியதும் பட்டறைத் தகரம் அதிர்ந்தது. அருளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், முதல் குழந்தை பிறந்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடித்தது. அந்துவான் எஞ்சினோடு பென்ட் பைப் சேருகிற இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, மூட்டில் வைக்கிற கேஸ்கெட் வளையத்தைப் பழையதாகவே போட்டுவிட்டேன், காற்று உள்ளே இழுக்கிறது என்றான். புது கேஸ்கெட் 45 ரூபாய். அதைப் போட்ட பிறகு வெடிப்பது முக்கால்வாசி குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. உங்கள் வண்டி வெடித்தால் முதலில் இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மிச்சம் வெடிப்பது எதனால் என்று தெரிய ஓட்டிப் பார்க்கச் சொன்னான். 9.50க்குக் கிளம்பி டவுன் வழியாகக் கோரிமேடு போனோம், 10 கிலோமீட்டர். அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சத்தம் கேட்டு, கையில் கட்டுப்போட்ட ஒரு குழந்தை வீலென்று அழுதது. அதன் தாய் எங்களைப் பார்த்த பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். பின்னால் கிழவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "பாட்டிய ஏத்திக்கிட்டு ரேசாய்யா?" என்று கேட்டு விட்டுவிட்டார். எல்லோரையும் இப்படி விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

அங்கிருந்து லாஸ்பேட்டை. இன்ஜெக்‌ஷன் வண்டிகளை மட்டும் பார்க்கிற ஒரு கடை இருக்கிறது என்று அருளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும், மரியாதையான ஆள், எனக்கு நாற்காலி போட்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

"சில வண்டில சைலன்சர் பக்கத்துல ஒரு சென்சார் இருக்கும், புகையப் பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒங்க வண்டில அது கெடையாது. சைலன்சர மாத்தினது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது பழைய கணக்குலயே பெட்ரோல் விடும். காத்து சுலபமாப் போவுது, பெட்ரோல் பத்தல. சூடு ஏறும். வால்வு வெந்துடும்."

"எத்தினி நாள்ல?" என்று கேட்டேன்.

"அது சொல்ல முடியாதும்மா. ஒரு மாசமும் ஆவலாம், ஆறு மாசமும் ஆவலாம்."

அதற்கு அவர் வைத்திருந்த மருந்து ஒரு சின்னப் பெட்டி. கம்ப்யூட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் ஒயரை வெட்டி அதை வைத்தால், பெட்ரோலைக் கூட்டி விடலாம். பெட்டியும் கூலியும் 6,500 ரூபாய், வண்டியை மூன்று நாள் விடவேண்டும். ஒயரை வெட்டிய பிறகு கம்பெனி சர்வீஸில் தொடமாட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம்.

பட்டறைக்குத் திரும்பியபோது 11.40. அருள் எஞ்சினை அணைக்காமலே, பெட்டிக்காரர் சொன்னதையெல்லாம் மாமனிடம் ஒப்பித்தான். அந்துவான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றினான். பிளக்கின் நுனி நிறத்தைப் பார்த்தால் எஞ்சினுக்குள் நடப்பது தெரியும் என்பது இவர்கள் வழக்கம். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பத்தவில்லை. கறுப்பாக இருந்தால் அதிகம். பிஸ்கட் நிறமாக இருந்தால் சரி.

நுனி கறுப்படித்திருந்தது. "பாத்தியா மருமவனே, பெட்ரோலு நெறையத்தான் வருது. பெட்டியும் வாணாம், ஒண்ணும் வாணாம். எடுத்துக்கினு போ" என்றான்.

அருள் சாவியை வாங்கிக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பேனர் அவன் கையில்தான் இருந்தது.

"டேய் அந்துவான். வண்டிய ஓடவிட்டுக்கினு நாலு நிமிஷம் பேசினீங்க. அதுக்கு முன்னால இந்திரா காந்தி சிலையாண்ட சிக்னல்ல மூணு நிமிஷம் நின்னோம். நிக்கிற வண்டில கரி புடிக்குமா புடிக்காதா?"

அவன் என்னைப் பார்த்தான். பிளக்கைப் பார்த்தான். "புடிக்கும்" என்றான்.

"அப்ப நீ பாத்தது ஓடுன வண்டியோட நெறமா, நின்ன வண்டியோட நெறமா?"

"நீ ஏங்கூடத்தான் பேசறியா அக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நின்ன வண்டியோடதுதான்" என்றான். வேகத்தில் போகும்போதே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டி, அங்கேயே கழற்றிப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியும் என்பதை அவனே சொன்னான். அது அவனுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். பிறகு ஏன் அப்படிச் செய்யவில்லை என்று நான் அப்போது கேட்கவில்லை.

புதுப் பிளக் ஒன்று போட்டு, 12.20க்குக் கடலூர் ரோட்டில் தெற்கே போனோம். அருளும் நானும் வண்டியில், அந்துவான் தன் ஸ்கூட்டரில் ஸ்பேனரோடு பின்னால். நோணாங்குப்பத்தில் படகுத்துறைக்கு வந்த கூட்டம் ரோட்டிலேயே நின்றது, அதைத் தாண்ட நேரமானது. தவளக்குப்பத்துக்கு அப்பால் ரோடு நேராக இருக்கிறது. அங்கே அருள் எண்பதில் இரண்டு நிமிஷம் பிடித்து, அப்படியே அணைத்தான். வண்டி சத்தமில்லாமல் உருண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது.

அந்துவான் வந்து துணியைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றினான். வெள்ளை. சாக்பீஸ் வெள்ளை.

நான் குனிந்து சைலன்சரின் வாயைப் பார்த்தேன். காலையில் கட்டைவிரல்தான் நுழைந்தது. இப்போது ஒரு எலுமிச்சம்பழமே போகும்.

"கொழா எங்கடா?"

அருள் வண்டியில் கட்டியிருந்த தன் கருவிப் பெட்டியைப் பார்த்தான். நான் அதைத் திறந்தேன். செய்தித்தாளில் சுற்றி உள்ளே கிடந்தது. நான் கோயிலுக்குப் போன இருபது நிமிஷத்தில் எடுத்திருக்கிறார்கள்.

"அம்மா, நாந்தான் கேட்டேன். சத்தம் நல்லாருக்கும்னு" என்றான் அருள். முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"அவன் கேட்டா? நீ எடுத்துடுவியா? வேல போச்சுன்னா ஒன் பட்டறையில ஒக்கார வெச்சுச் சோறு போடுவியா?" என்றேன் அந்துவானிடம்.

"மருமவன் வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறான். மாமன் இல்லன்னு சொல்லலாமா? அவனுக்குக் காது குத்தறப்ப மடியில வெச்சிருந்தவன் நான்."

"அப்பா வண்டியயும் இப்பிடித்தான் பண்ண. யாரு கேட்டா அன்னிக்கி?"

அவன் பிளக்கைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டான். பிறகு சொன்னான். "அப்பாதான்."

"பொய்."

"அப்பாதாங்க்கா. மில்லு கேட்டாண்ட வண்டி வர்றப்ப எல்லாரும் திரும்பிப் பாக்கணும்டா, ஊமைக் கழுத மாதிரி வருதுன்னாரு. ஞாயித்துக்கெழம அம்மா பூசைக்குப் போனப்ப ரெண்டு பேருமாத்தான் எடுத்தோம். அம்மாகிட்டயும் அக்காகிட்டயும் சொல்லாதன்னாரு. சொல்லல."

"நாப்பத்தேழு வருசமா?"

"அவரு போனப்புறம் சொன்னா, செத்தவரு மேல பழி போடறன்னு சொல்லுவ. நீ அதையும் ஞாபகம் வெச்சிருப்ப."

அந்துவானுக்குப் பொய் சொல்லவும் வரும், அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று எழுதவேண்டும். நடந்து போன அந்த ஒரு வருஷமும் எட்டு மாதமும் அப்பா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆண்பிள்ளை என்று இடம் கொடுக்கிறார் என்றே நினைத்து, அதற்காக அவர்மேல் தனியாக ஒரு வருத்தம் வைத்திருந்தேன். ரோட்டோரத்தில் நின்றுகொண்டு அதையெல்லாம் அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "மொதல்ல கொழாய மாட்டு" என்றேன்.

அங்கேயே மாட்டினான். ஒரே ஒரு திருகாணிதான், ஐந்து நிமிஷ வேலை. மறுபடி ஒரு புதுப் பிளக். அதே ரோட்டில் திரும்பி, அதே எண்பதில் இரண்டு நிமிஷம், அதே மாதிரி அணைத்தோம். கழற்றியபோது நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் ஓடினோம். நிறம் மாறவில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் வெடிப்பதும் நின்றுவிட்டது.

"தையல் மிஷின் மாதிரி இருக்குது மாமா" என்றான் அருள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ஓடற தையல் மிஷினுய்யா. அத ஓட்டிக்கினு திங்கக்கெழம வேலைக்குப் போவலாம்" என்றான் அந்துவான். என்னைப் பார்க்காமலே சொன்னான்.

அவன் வீட்டில் சாப்பிட்டோம். வஞ்சிரம் குழம்பு, அவன் மனைவி கை மணம் குறையவில்லை. 3.30க்குக் கிளம்பி 4.40க்கு விழுப்புரம் வந்தோம். வழியில் அருள் இரண்டு தடவை "இன்னாம்மா, பேசவே மாட்டற" என்று கேட்டான். நாற்பத்தேழு வருஷக் கோபத்தை ஒரே நாளில் ஓர் ஆளிடமிருந்து எடுத்து இன்னோர் ஆள்மேல் போட முடியாது. அதிலும் அந்த ஆள் செத்துப்போன அப்பாவாக இருந்தால். மில் கேட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதை எழுதும்போது அறுபத்திரண்டு நாள் ஆகிறது. அருள் திங்கட்கிழமையே வேலைக்குப் போனான். 4,300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயிரத்துக்கு ஒரு தடவை பிளக்கைக் கழற்றி என்னிடம் காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். காட்டுகிறான். நிறம் அப்படியே இருக்கிறது.

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது. சைலன்சரை மட்டும் மாற்றி, உள்குழாயை உள்ளேயே வைத்தால், எங்கள் வண்டிக்குப் பெட்டி தேவைப்படவில்லை. உள்குழாயை எடுத்தால் தேவைப்பட்டிருக்கும். லாஸ்பேட்டைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, அவர் பார்த்தது குழாய் இல்லாத வண்டியை. சைலன்சரோடு பென்ட் பைப்பையும் ஏர் பில்டரையும் சேர்த்து மாற்றுகிறவர்கள் அவரிடமோ அவரைப் போன்றவரிடமோ போகாமல் ஓட்டவேண்டாம். யார் என்ன சொன்னாலும், ஒயரை வெட்டுவதற்கு முன் பிளக்கைப் பாருங்கள், ஓடுகிற வேகத்தில் அணைத்துப் பாருங்கள். புதுப் பிளக் இரண்டு மூன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று 70 ரூபாய். கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். முன்னூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒரு தடவை இறுக்குங்கள், எங்களுக்கு ஒன்று தளர்ந்திருந்தது. வேலை நடக்கும்போது எதற்காகவும் எழுந்து போகாதீர்கள், கோயிலுக்குக்கூட.

அந்துவான் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அரியாங்குப்பத்தில் சைலன்சர் மெக்கானிக் என்று கேட்டால் கைகாட்டுவார்கள். ஞாயிறு திறக்கமாட்டான். விழுப்புரத்து அக்கா அனுப்பினாள் என்று சொல்லுங்கள். கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டான். ஆனால் நீங்கள் காலில் விழுந்து கேட்டாலும் உள்குழாயை எடுக்கமாட்டான்.